2147483647: கஸ்டமர் எல்லாருக்கும் ஒரே போன் நம்பர், பாத்தா அது முதன்மை எண்ணாம்

கல்முனைக் கடைப்பொடியன்:
சலாம், வணக்கம் எல்லாருக்கும். காக்காட கடைக்கு பில் போடுற சொப்ட்வெயார் ஒண்டு எழுதிக் குடுத்திருக்கன், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும், பெரிய விசயம் ஒண்டுமில்ல. பில்ல வட்ஸ்அப்பில அனுப்பலாம் எண்டு நம்பரெல்லாத்துக்கும் முன்னுக்கு 94 சேத்து திரும்ப ஏத்தினா இப்ப சம்மாந்துறை ஆளுக்கும் 2147483647, நிந்தவூர் ஆளுக்கும் 2147483647, காக்காட மாமிக்கும் அதே நம்பர். ஆரும் ஹெக் பண்ணிட்டாங்களா? இது ஆர்ர நம்பர்?

டேட்டாபேஸ் மச்சான்:
ஆர்ர நம்பரும் இல்ல மச்சான். இன்ட் எண்ட டைப்புக்குள்ள அடங்கிற ஆகப் பெரிய எண் அது. 32 பிட்டில ஒண்டு பிளஸ்ஸா மைனஸா எண்டு காட்டப் போயிரும், மிச்சம் 31, அதில போடக்கூடிய உச்சம் 2^31 − 1, அதாவது 31 ரெண்டுகளப் பெருக்கி ஒண்டு குறைச்சது. 077 எண்டு தொடங்கிற நம்பர்ல முன் சைபர் விழுந்தா 77 கோடி சொச்சம், அது உள்ளுக்க அடங்கும், அதாலதான் இவ்வளவு நாளும் பிரச்சின வரல்ல. 94 போட்டா 9,477 கோடி. உச்சமே 214 கோடியே 74 லட்சம் சொச்சம்தான். சேவர்ல ஸ்ட்ரிக்ட் மோட் ஓஃப்ல கிடந்தா எரர் அடிக்காம உச்சத்தில கொண்டு போய் நிப்பாட்டிரும். கொலத்த வார்சார் ஆக்கு, அது நம்பர எழுத்தா வைக்கிற டைப், பழைய பெக்கப்ப ஏத்து. போன் நம்பரக் கூட்டிக் கழிக்கவா போறாய், அதுக்கு ஏன் இன்ட்?

கல்முனைக் கடைப்பொடியன்:
பெக்கப் கிடக்கு. சரி வந்திட்டு, தெங்ஸ் மச்சான்.

வாவிக்கரை:
இழைய மூட முதல் ஒண்டு சொல்லிட்டுப் போறன். அந்த நம்பர் சும்மா நம்பர் இல்ல, முதன்மை எண், 1ஆலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாமப் பிரிபடாதது. 1772ல ஒய்லர் எண்ட கணித ஆள் பெர்னூலிக்கு எழுதின கடிதத்தில இது முதன்மை எண் எண்டு காட்டிட்டார். மறுகா 1867 மட்டும் உலகத்தில தெரிஞ்ச ஆகப் பெரிய முதன்மை எண் இதுதான், கிட்டத்தட்ட நூறு வருசம் இதத் தாண்ட ஆளில்ல.

ஏறாவூரான்:
பத்து இலக்க நம்பர், கல்குலேட்டரும் இல்லாத காலம், ஒண்டாலயும் பிரிபடாது எண்டு ஒரு மனுசன் எப்பிடிச் சொல்லுற? வர்க்கமூலம் மட்டும் பிரிச்சுப் பாக்கணும் எண்டு ஓ எல்ல படிச்சிருக்கம், இதுக்கு வர்க்கமூலமே 46,340 வருது. அதுக்குள்ள இருக்கிற முதன்மை எண்ணே ஆயிரக்கணக்கில இருக்குமே. அந்த ஆளுக்கு அந்த நேரம் கண்ணும் தெரியாதாமே, விக்கிப்பீடியாக் கதையெல்லாம் நம்பேலா.

வந்தாறுமூலை வாத்தியார்:
கண் தெரியாதது உண்மைதான் தம்பி, ஒரு கண் இளம் வயசிலயே போயிட்டு, மத்தக் கண்ணில கெட்டரக்ட் வந்து 1771ல ஒப்பரேசன் செஞ்சும் சரிவரல்ல, பீட்டர்ஸ்பேர்க்கில இருந்துகொண்டு ஆக்கள வச்சு எழுதுவிச்சார். ஆனா மனக்கணக்கில அவர அடிக்க ஆளில்ல.

46,340க்குள்ள 4,792 முதன்மை எண் இருக்கு. கையால அத்தனையாலயும் பிரிக்கிறது அலுப்படிச்ச வேல, நூற்றில ஒரு இடத்தில பிழை விட்டாலும் போச்சு. ஒய்லர் செஞ்சது என்னண்டா பிரிக்கிறத்துக்கு முதல் ஆராலதான் பிரிபடக் கூடும் எண்டு யோசிச்சார். கடைசியில பாக்க வேண்டி வந்தது 372 எண் மட்டும். அதுக்கு மேல ஒண்டும் தேவையில்ல. இதிலதான் ருசி இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுங்க.

2^31 − 1 ஐ ஒரு முதன்மை எண் மீதியில்லாமப் பிரிக்குது எண்டு வையுங்க. அப்ப 2^31 ஐ அதால பிரிச்சா மீதி 1. இப்ப 2, 4, 8, 16 எண்டு வலுக்கள ஒவ்வொண்டா அதே எண்ணால பிரிச்சு மீதிய எழுதிக்கொண்டு போனா, ஏழு நாளைக்கொருக்கா வெள்ளிக்கிழமை வாற மாதிரி மீதி 1 ஒரு ஒழுங்கான இடைவெளியில திரும்பத் திரும்ப வரும். 31ஆவது இடத்தில 1 வருது எண்டா அந்த இடைவெளி 31 ஐப் பிரிக்கணும். 31 தானே முதன்மை எண், அதால இடைவெளி 1 இல்லாட்டி 31. 1 ஆக இருக்கேலா, 2 ஐ எந்த முதன்மை எண்ணால பிரிச்சாலும் மீதி 1 வராது. ஆகவே 31.

இனி ஃபெர்மா சொன்ன விதி ஒண்டு இருக்கு. 2 ஐ விட்டு எந்த முதன்மை எண்ண எடுத்தாலும் அதில ஒண்டக் குறைச்சு, 2இன் அந்த வலுவ அதே எண்ணால பிரிச்சா மீதி 1. அப்ப காரணியில ஒண்டு குறைச்சா அது 31இன்ர மடங்கு. காரணி ஒற்றை எண், ஒண்டு குறைச்சா இரட்டை. ஆகவே 62இன்ர மடங்கு. அதாவது காரணி எண்டு ஒண்டு இருந்தா அது 62இன் மடங்கோட ஒண்டு கூட்டின எண்ணாத்தான் இருக்க வேணும், வேற ஒரு எண்ணுக்கும் உள்ள வர இடமில்ல.

மெத்ஸ் புள்ள:
சேர் 46,340 ஐ 62 ஆல பிரிச்சா 747 வருது, 372 எண்டுறீங்க. பாதி எங்க போச்சு?

வந்தாறுமூலை வாத்தியார்:
நல்ல கேள்வி புள்ள. இன்னொரு வடி வடிக்கலாம். 2^31 மீதி 1 எண்டா 2^32 மீதி 2. 2^32 எண்டது 2^16இன் வர்க்கம். அப்ப ஒரு வர்க்கத்த அந்தக் காரணியால பிரிச்சா 2 மீதியா வருது. அப்பிடி வாற முதன்மை எண்ணெல்லாம் 8ஆல பிரிச்சா மீதி 1 அல்லது 7 தான், 3உம் 5உம் வராது. இதுக்கு நிறுவல் வேற, இண்டைக்கு அத எடுக்கல்ல, இணைந்த கணிதத்திலயும் வராது, கெம்பஸ் போனாப் படிப்பீங்க.

62இன் மடங்கோட ஒண்டு கூட்டின எண்கள 248ஆல பிரிச்சுப் பாருங்க, மீதி 1, 63, 125, 187 எண்டு நாலு வகை. அதில 125 ஐ 8ஆல பிரிச்சா 5, 187 எண்டா 3, ரெண்டும் வெளிய. மிஞ்சிறது 248இன் மடங்கோட 1, 248இன் மடங்கோட 63. 46,340க்குள்ள முதல் வகையில 186, ரெண்டாவதில 63ஓட சேத்து 187. 63 முதன்மை எண்ணும் இல்ல, தள்ளு. 186உம் 186உம் 372. அதிலயும் 3ஆல 5ஆல 7ஆல பிரிபடுறத எல்லாம் கண்ணாலயே தள்ளிடலாம், உண்மையான பிரித்தல் எண்பது அளவிலதான் வரும்.

மெத்ஸ் புள்ள:
செஞ்சு பாத்தன் சேர். 249 மூண்டால போகுது தள்ளியாச்சு. 311 முதன்மை எண், அதால பிரிச்சா 6905092 தரம் போய் மீதி 35. மறுகா 497, 559, 745, 807, 993, 1055, 1241 ஒண்டுமே முதன்மை எண் இல்ல, 1241 மட்டும் கொஞ்சம் ஏமாத்திச்சு, 17×73. அடுத்தது 1303, மீதி 226. 1489, மீதி 199. அதுக்குப் பிறகு 2543 வரைக்கும் ஒண்டுமே இல்ல, அதில மீதி 1523. இது ஒரு பின்னேரத்தில முடிக்கேலாது ஆனா ஒரு கிழமைக்குள்ள முடிச்சிரலாம் போல.

ஏறாவூரான்:
சரி ஒத்துக்கொள்ளுறன், செய்யலாம். ஆனா ஏன் இவ்வளவு பாடு? 31 முதன்மை எண் எண்டா 2^31 − 1 உம் தானா முதன்மை எண்தானே. 2^2 − 1 மூண்டு, 2^3 − 1 ஏழு, 2^5 − 1 முப்பத்தொண்டு, 2^7 − 1 நூற்றியிருபத்தேழு, எல்லாம் சரியாப் போகுதே.

வாவிக்கரை:
அடுத்ததப் பாருங்க நானா, 2^11 − 1 = 2047 = 23×89. அங்கயே இடிஞ்சு விழுந்திட்டு. வலு முதன்மை எண்ணா இருக்கிறது தேவை, ஆனா காணாது. 1588ல கட்டால்டி எண்ட இத்தாலிக்காரன் 2^17 − 1, 2^19 − 1 ரெண்டையும் சரியா நிறுவினான், அதோட நில்லாம 23, 29, 31, 37 எல்லாமும் வரும் எண்டு சொல்லிட்டுப் போயிட்டான். அதில 31 மட்டும்தான் சரி. 2^23 − 1 ஐ 47 பிரிக்குது, 2^29 − 1 ஐ 233, 2^37 − 1 ஐ 223. வாத்தியார் சொன்ன விதி எல்லாத்திலயும் வருதா எண்டு பாருங்க, 47 எண்டது 46 + 1, 46 எண்டது 2×23. 223 எண்டது 222 + 1, அது 6×37. 23உம் 89உம் கூட 22இன் மடங்கோட ஒண்டு.

மெத்ஸ் புள்ள:
47 ஐ 8ஆல பிரிச்சா 7, 223க்கும் 7, 233க்கு 1. வருது!!

ஏறாவூரான்:
அப்ப வேற ஒரு பத்து இலக்க முதன்மை எண்ணுக்கு இந்த வித்த சரிவராதா?

வந்தாறுமூலை வாத்தியார்:
சரிவராது தம்பி, அதத்தான் நான் சொல்ல வந்த. 2147483647க்கு முந்தின முதன்மை எண் 2147483629, பதினெட்டுத்தான் குறைவு, அதுவும் அதே அளவு பெருசு, அதே அளவு முதன்மை. ஆனா அதுக்கு இப்பிடிப் பிடிக்க ஒரு கைபிடி இல்ல, ஒய்லர்ர வழியில போனா 4,792ஆலயும் பிரிச்சே ஆக வேணும். ஆரும் அத நினைவு வச்சிருக்கயும் மாட்டாங்க. பெருசு எண்டதால இந்த எண் புகழ் எடுக்கல்ல, 2இன் வலுவில இருந்து ஒண்டு குறைஞ்சு நிக்கிற அந்த வடிவத்தாலதான் எடுத்த. துவிதத்தில எழுதினா வெறும் 31 ஒண்டுகள், இடையில ஒரு சைபர் கூட இல்ல. இண்டைக்கும் பெரிய முதன்மை எண் தேடுற ஆக்கள் இந்த வடிவத்துக்குள்ளதான் தேடுறாங்க, 1644ல இதுகளுக்கு லிஸ்ட் போட்ட மெர்சென் எண்ட பாதிரியார்ர பேர்லதான் இப்பவும் சொல்லுற. அவர்ர லிஸ்ட்டில இருந்த வலுக்களிலயும் 67, 257 பிழை, 61, 89, 107 விடுபட்டுப் போச்சு, ஆனா 31 இருந்திச்சு.

டேட்டாபேஸ் மச்சான்:
நான் ஒண்டு குறுக்க சொல்லணும். கம்ப்யூட்டர்ல இந்த நம்பர் வாறதுக்கும் அது முதன்மை எண்ணா இருக்கிறதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, சும்மா பேஸ்புக்கில "கம்ப்யூட்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரகசிய முதன்மை எண்" எண்டு போஸ்ட் போடுறாங்க. 16 பிட் உச்சம் 32767, அது 7×31×151. 64 பிட் உச்சம் 2^63 − 1, 63 முதன்மை எண்ணே இல்லாததால அதுவும் உடையும், 7 ரெண்டு தரம் போகும். 8 பிட்டுக்கு 127 வருது, 32 பிட்டுக்கு இது வருது, அவ்வளவுதான், தற்செயல்.

வாவிக்கரை:
இன்ட் டைப்புக்கு தற்செயல், ஓம். ஆனா தற்செயலா வந்தத ஆக்கள் நல்லாப் பாவிச்சிருக்காங்க. எழுமாற்று எண் எடுக்கிறதுக்கு 1969லயே ஒரு முறை சொன்னாங்க, மறுகா 1988ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் ஆகக் குறைஞ்சது இதையாவது பாவியுங்க எண்டு எழுதினாங்க. கையில இருக்கிற எண்ண 16807ஆல பெருக்கு, 2147483647ஆல பிரி, மீதிதான் அடுத்த எண். 1ல தொடங்கினா 16807, 282475249, 1622650073, 984943658 எண்டு போகும். சி பிளஸ் பிளஸ்ல இப்பவும் அது கிடக்கு.

இதில முதன்மை எண் எண்டது கட்டாயம் தேவை. 16807 எண்டது 7இன் ஐந்தாம் வலு. 7இன் வலுக்கள 2147483647ஆல பிரிச்சு மீதி எடுத்துக்கொண்டு போனா 1ல இருந்து 2147483646 மட்டும் ஒரு எண்ணும் விடுபடாம ஒருக்கா வந்து போகும், மறுகாதான் சுத்து திரும்பத் தொடங்கும். 2147483646 = 2×3×3×7×11×31×151×331, இதில 5 இல்ல, அதால ஐந்தாம் வலுவ எடுத்தாலும் சுத்து குறையாது. முதன்மை இல்லாத எண்ண வச்சா இப்பிடி முழுச்சுத்து வராது. கூடவே 2இன் வலுவுக்கு ஒண்டு குறைவு எண்டதால பிரித்தலே தேவையில்ல, 31 பிட்டுக்கு மேல போனத வெட்டி கீழ கூட்டினாச் சரி, கம்ப்யூட்டருக்கு சின்ன வேல. ஆனா பாஸ்வேர்ட் செய்யிறதுக்கெல்லாம் இத எடுத்திராதீங்க, ஒரு எண் தெரிஞ்சா அடுத்தது எல்லாம் தெரிஞ்சிரும்.

கல்முனைக் கடைப்பொடியன்:
எனக்கு பாதி விளங்கல்ல ஆனா வாசிக்க நல்லாருக்கு. இதுக்குப் பிறகு வந்த பெரிய எண்ணுகளையும் இப்பிடித்தான் பிரிச்சுப் பாத்தாங்களா?

வந்தாறுமூலை வாத்தியார்:
இல்ல தம்பி, இந்த வடிவத்து முதன்மை எண்களுக்கு பிரிக்கிற வழி அதோட முடிஞ்சிது. சுவையான கதை ஒண்டு இருக்கு. 1811ல பார்லோ எண்ட ஆங்கிலேயர் ஒரு புத்தகத்தில 2^30 × (2^31 − 1) எண்ட நிறைவெண்ணப் பத்தி எழுதினார், அதாவது தன்னை விட்ட மத்தக் காரணியெல்லாம் கூட்டினா தானே வாற எண், 6 = 1 + 2 + 3 மாதிரி. இது 2305843008139952128. இதவிடப் பெருசு இனி ஒருக்காலும் கண்டுபிடிபடாது, பிரயோசனம் இல்லாத வெறும் விநோதத்துக்கு ஆர் இவ்வளவு மெனக்கெடப் போறான் எண்ட கருத்தில எழுதினார். 1876ல லூக்கா எண்ட பிரெஞ்சுக்காரர் 2^127 − 1 முதன்மை எண் எண்டு கையாலயே நிறுவிட்டார், 39 இலக்கம். அதுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்துதான் இந்த வடிவத்தில அதத் தாண்டினது எண்டு பார்லோவுக்கு ஆரும் சொல்லேலாமப் போச்சு.

லூக்கா கண்டுபிடிச்ச வழிய மறுகா லேமர் திருத்தி எடுத்தார். ஒரு காரணியையும் தேடுறதில்ல. 4ல தொடங்கு, வர்க்கமாக்கு, 2 குறை, குறிச்ச எண்ணால பிரிச்சு மீதி எடு, திரும்பத் திரும்ப. வலுவில ரெண்டு குறைச்ச அளவு தரம் செஞ்சு கடைசியில சைபர் வந்தா முதன்மை எண், வராட்டி இல்ல. 31க்கு, அதாவது 2^5 − 1க்கு, மூண்டு தரம் காணும். 4. 4×4 − 2 = 14. 14×14 − 2 = 194, 31ஆல பிரிச்சா மீதி 8. 8×8 − 2 = 62, மீதி சைபர். முடிஞ்சுது. 2147483647க்கு 29 தரம், கல்குலேட்டர் வச்சிருக்கிற புள்ள ஒரு மணித்தியாலத்தில செய்யும்.

மெத்ஸ் புள்ள:
372ஐ விட இது லேசு போல சேர்!

டேட்டாபேஸ் மச்சான்:
இப்ப ரெக்கோர்ட் 2^136279841 − 1. 2024 ஒக்டோபர் 12, லூக் டுரான்ட் எண்டவர் கிராபிக்ஸ் கார்டுகள வச்சுப் பிடிச்சார், 41,024,320 இலக்கம். கிம்ப்ஸ் எண்டு ஒரு கூட்டுத் திட்டம் 1996ல இருந்து ஓடுது, ஆரும் தங்கட கம்ப்யூட்டர அதில சேக்கலாம். எங்கட வீட்டு கரண்ட் பில்லுக்கு நான் சேரல்ல.

ஏறாவூரான்:
நாலு கோடி இலக்கம் எண்டா கடைசி இலக்கம் என்னெண்டு ஆரும் சொல்லேலுமா?

வாவிக்கரை:
1. பாக்காமயே சொல்லலாம். 2இன் வலுக்கள் 2, 4, 8, 6 எண்டு முடிஞ்சு சுத்தும். 136279841 ஐ 4ஆல பிரிச்சா மீதி 1, ஆகவே 2ல முடியும், ஒண்டு குறைச்சா 1. 31 ஐ 4ஆல பிரிச்சா மீதி 3, 8ல முடியும், ஒண்டு குறைச்சா 7. முதல் எண்ணான 3 ஐ விட்டா இந்த வகை எல்லாம் 1ல இல்லாட்டி 7லதான் முடியும்.

கல்முனைக் கடைப்பொடியன்:
இந்த 2147483647 ஐயே வலுவா ஏத்தினா? அதுவும் முதன்மை எண்தானே.

வந்தாறுமூலை வாத்தியார்:
பொடியனுக்கு ருசி பிடிச்சிட்டு. 2ஐ 2147483647ஆம் வலுவுக்கு ஏத்தி ஒண்டு குறைச்சா 64 கோடியே 64 லட்சத்துக்கு மேல இலக்கம் வரும். அது முதன்மை எண் இல்ல, 295257526626031 அதப் பிரிக்கும். அந்தக் காரணியிலயும் நாங்க முதல் கண்ட அதே விதிதான்: ஒண்டக் குறைச்சா 2×68745×2147483647. 8ஆல பிரிச்சா மீதி 7. இவ்வளவு நீளமான எண்ண ஆரும் எழுதிப் பாக்காமலே காரணி தெரிஞ்சது அதாலதான், சரியான இடத்தில மட்டும் தேடினாங்க.

டேட்டாபேஸ் மச்சான்:
கடைக்காரத் தம்பிக்கு இன்னொண்டு, பழைய மெசின் வச்சிருக்கிற எல்லாருக்கும். 1970 ஜனவரி 1ல இருந்து செக்கனக் கணக்கு வச்சு 32 பிட்டில சேமிக்கிற சிஸ்டமெல்லாம் 2147483647ஆவது செக்கனில முட்டும். எங்கட நேரத்துக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலம 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். அடுத்த செக்கனில திகதி 1901க்குப் போயிரும். மைஎஸ்கியூஎல்ல டைம்ஸ்டாம்ப் எண்டு போட்டிருந்தா அதையும் ஒருக்காப் பாத்துக்கொள், டேட்டைம் எண்டு மாத்தினா நல்லம்.

ஏறாவூரான்:
தை பிறந்த கையோட. அந்த நேரம் ஏடிஎம்முக்குப் போகப்படா.

மெத்ஸ் புள்ள:
சேர் 2^61 − 1 உம் முதன்மை எண் எண்டு சொன்னீங்க, அத வலுவா ஏத்தினா என்ன வரும்?

வந்தாறுமூலை வாத்தியார்:
இன்னும் ஒருத்தரும் முடிவு சொல்லல்ல புள்ள. இலக்கமே 6,900 கோடி கோடிக்கு மேல, லூக்கா லேமர் வழிக்கு எந்தக் கம்ப்யூட்டரும் காணாது. காரணி தேடுறது ஒண்டுதான் வழி, 2இன் மடங்கு × (2^61 − 1), அதோட ஒண்டு, எட்டால பிரிச்சா 1 அல்லது 7. தேடிக்கொண்டிருக்காங்க. நீங்க முதல் அந்த 29 தரத்த முடிச்சு 28ஆவதில வந்த மீதிய இஞ்ச போடுங்க, வர்க்கமாக்கி 2 குறைச்சு 2147483647ஆல போகுதா எண்டு எல்லாரும் பாப்பம்.